ஒழுக வேண்டிய குழாய்

ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா என் காதில் போனை வைத்தாள். நீ "எப்படிடி இருக்க நத்தை?" என்றாய். நான் "ம்" என்றேன். "கால் எப்படி இருக்கு?" என்றாய். அதற்கும் "ம்" என்றேன். சொல்ல நிறைய இருந்தது. போன் கைக்கு வந்ததும் எல்லாம் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. அதனால்தான் எழுதுகிறேன். தாள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. இன்றுதான் மறுபடி அணை வேலைக்குப் போனேன். நான் படுத்திருந்த நாட்களில் அணை மேல் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. நடுவில் நாலைந்து முள்செடிகளும் முளைத்திருந்தன. வேரோடு பிடுங்கினேன். எலி வளை எதுவும் புதிதாக இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் குட்டை அளவுக்குத்தான் கிடக்கிறது. மதகுக் கம்பிவலையில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பைகளையும் ஒரு ஒற்றைச் செருப்பையும் எடுத்துப் போட்டேன்.

பிறகு கீழே இறங்கி, நம் தெருப் பக்கம் கரையின் அடியில் இருக்கும் குழாயைப் பார்க்கப் போனேன். எப்போதும் நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகி, பாதையெல்லாம் சேறாக இருக்குமே, நான் வழுக்கி விழுந்த இடம், அது காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. குழாயின் வாயில் சிமெண்ட் அடைப்பு. அதில் விரலால் கீறிய ஒரு நத்தைப் படம். ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை.

அண்ணா, வெளியூர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எப்போது போய் இதைச் செய்தாய்? அம்மாவுக்குக்கூடத் தெரியவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் விழுந்ததற்காக யாரும் இப்படி ஒன்று செய்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம். வாராவாரம் அந்தக் குழாயில் கண்ணாடித் தம்ளர் பிடித்து, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒன்று. ஓவர்சியர் மேடம் மாதம் ஒரு தடவை வந்து கேட்பார். இனி எதில் பிடிப்பது?

நத்தை

ஜூலை 18

நத்தைக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது, இது என் தங்கைதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். போனில் 'ம்' விற்பவள் தாளில் இவ்வளவு பேசுகிறாளே! இனி நீ எழுது. நான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன். இங்கே சிக்னல் இருப்பது டீக்கடை வாசலில் மட்டும்தான். அங்கேயும் வரிசையில் நின்றுதான் பேச வேண்டும். உன் 'ம்'முக்காக எனக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

நாங்கள் ஒரு மலைச்சாலை ஓரமாகச் சுவர் கட்டுகிறோம். மலையை வெட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மண் சரியாமல் தாங்குவதற்குத்தான் இந்தச் சுவர். தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுக்கிறோம். என் பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டால் தகரம் அதிர்கிறது.

அடைப்பு எப்படி? ஒரு சொட்டு வருகிறதா? வராது. உள்ளே சாக்கைத் திணித்து, சல்லி போட்டு, கெட்டிக் கலவை வைத்து இறுக்கியிருக்கிறேன். அணையைக் கட்டியவர்களுக்குத் தெரியாத வேலையை நான் அரை நாளில் முடித்தேன். இத்தனை வருஷமாக ஒரு குழாய் ஒழுகுகிறது, ஆபீஸ் பக்கத்திலிருந்து ஒருத்தராவது வந்து அடைத்தார்களா? மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "அணையில ஒழுகலை நிறுத்தினவனாடா நீ?" என்று மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

தம்ளரில் டீ குடி.

அண்ணன்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணா,

நேற்று ஓவர்சியர் மேடம் வந்தார். ஸ்கூட்டரை நம் டயர் கடைக்காரர் நிழலில் நிறுத்திவிட்டுக் கரை மேல் ஏறினார். வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு மேலேயே நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"புல்லு நல்லா வெட்டியிருக்கியே. மரக்கன்னு ஏதும் விட்டு வைக்கலையே?"

தலையாட்டினேன்.

"மதகு திருகி மூடித் திறந்து பாத்தியா?"

தலையாட்டினேன்.

"தம்ளர் பாத்தியா? தெளிவா இருக்கா?"

அதற்கும் தலையாட்டிவிட்டேன் அண்ணா.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் ஆட்டிய தலை அப்படியே மூன்றாவதற்கும் ஆடிவிட்டது. 'குழாயில் தண்ணீர் வரவில்லை' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். பதில் தெரியும். எழுந்து நிற்பதற்குள் டீச்சர் அடுத்தவளைக் கேட்டுவிடுவார். கடைசியில் எழுந்து நிற்கவே பிடிக்காமல்தான் ஒன்பதாவதோடு நின்றேன். அம்மாவுக்கு முதுகுவலி வந்து இந்தப் புல்வெட்டும் வேலை எனக்கு வந்தபோது சந்தோஷமாக இருந்தது. புல் எதுவும் கேட்காது என்று நினைத்தேன்.

இன்னொன்று. குழாய்க்கு மேலே, சரிவில் என் தலை உயரத்தில், ஓர் இடத்தில் புல் மட்டும் கரும்பச்சையாக இருக்கிறது. சுற்றிலும் வெயிலில் மஞ்சளாகக் கிடக்கிறது. அங்கே மட்டும் யாரோ தினமும் வாளியில் தண்ணீர் ஊற்றுவது போல.

அம்மாவிடம் அடைப்பைப் பற்றிச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள். "உங்க அண்ணனுக்கு ஓட்டைன்னாலே ஆகாது. சின்ன வயசுல சளி ஒழுகுதுன்னு மூக்குல பஞ்சு வச்சு அடைச்சுக்கிட்டு வந்து நின்னான். மூச்சு முட்டி முகமெல்லாம் சிவந்து போச்சு."

நத்தை

ஆகஸ்ட் 13

நத்தைக்கு,

அந்தப் பஞ்சுக் கதையை அம்மா இன்னும் எத்தனை பேரிடம் சொல்லப் போகிறாள்? பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி.

புல் பச்சையாக இருந்தால் உனக்கு என்ன கவலை? புல் காய்ந்தால்தானே கவலைப்பட வேண்டும்? ஏதாவது மாடு அங்கே நின்றிருக்கும். நீ யோசிக்க ஆரம்பித்தால் ஒரு புல்லுக்கு ஒரு கடிதம் எழுதுவாய் போலிருக்கிறது.

எனக்கு ஒரு நல்ல செய்தி. இதுவரை கலவை தூக்கியும் கல் எடுத்துக் கொடுத்தும் நின்றேன். போன வாரம் மேஸ்திரி என் கையில் பூச்சுக் கரண்டியைக் கொடுத்து, "அணைக்காரா, இந்த வளைவு முழுக்க நீயே பூசு" என்றார். இங்கே என் பேர் இப்போது அணைக்காரன். எட்டுக் கட்டிலிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் கரண்டி என் கையில்தான் இருக்கிறது. சுவர் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருக்கிறது. நீ பார்த்தால் அதில் தலைவாரிக்கொள்வாய்.

மேடத்திடம் நீ தலையாட்டியதில் தப்பே இல்லை. வராத தண்ணீர் கலங்கலாக இருக்க முடியுமா?

அண்ணன்

ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணா,

மாடு இல்லை. பார்த்துவிட்டேன். பச்சை இடம் பெரிதாகியிருக்கிறது. இப்போது நம் வீட்டு முன்அறை அளவு இருக்கும். அதில் அம்மாவின் பழைய வெள்ளைத் துணியை விரித்து மேலே கல் வைத்துவிட்டுப் புல் வெட்டப் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது துணி நனைந்திருந்தது. மழையே இல்லை அண்ணா. கால் வைத்தால் மெத்தையில் வைத்தது போல உள்ளே போகிறது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேடம் என்னிடம் நிறையச் சொன்னார். பயத்தில் நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிதான் மனதில் நின்றது. இப்போது அந்தத் துணியைப் பிழிந்தபோது மீதியும் வந்துவிட்டது. "மண்ணுல கட்டின கரைம்மா. உள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறிக்கிட்டேதான் இருக்கும். அது வெளிய போறதுக்குத்தான் அடியில மணலும் குழாயும் வச்சிருக்கு. ஒழுகட்டும். ஆனா தெளிவா ஒழுகணும். கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். உடனே சொல்லணும்."

ஒழுகட்டும் என்றுதான் சொன்னார்.

நாம் அதன் வழியை மூடிவிட்டோம். அதனால் அது வேறு வழி தேடிக்கொண்டு மேலே வருகிறது. மேலே மணலும் இல்லை, குழாயும் இல்லை. வெறும் மண்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் குட்டைத் தண்ணீருக்கே இப்படி என்றால், மழையில் மூன்று ஓடையும் வந்து கரை பாதி வரை நிறையும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கரைக்குக் கீழே முதல் வீடு டயர் கடைக்காரருடையது. இரண்டாவது நம்முடையது. அப்புறம் பள்ளிக்கூடம்.

உன் அடைப்பை எடுக்க வேண்டும் அண்ணா. மேடத்திடம் சொல்லட்டுமா? உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

நத்தை

செப்டம்பர் 5

தங்கைக்கு,

சொல்லாதே.

நீ யோசித்துத்தான் எழுதினாயா? அணையில் கை வைத்தது யார் என்று கேட்பார்கள். புல் வெட்டும் பெண்ணின் அண்ணன் என்று தெரிந்தால் முதலில் போவது உன் வேலை. அம்மாவால் குனிய முடியாது. அவள் தைக்கிற நாலு சட்டையை வைத்து வீடு நடக்குமா? அப்புறம் போலீஸ், விசாரணை என்று என்னவெல்லாமோ வரும். இங்கே மேஸ்திரி காதுக்குப் போனால் நான் மறுபடி கலவை தூக்க வேண்டியதுதான். அணைக்காரன் என்று கூப்பிடுகிற வாயெல்லாம் அதற்கப்புறம் எப்படிக் கூப்பிடும் தெரியுமா?

உனக்காகத்தான் அதைச் செய்தேன். வீங்கின காலை வைத்துக்கொண்டு நீ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்க்க முடியாமல் செய்தேன். ஒரு வேலையை முழுசாக, யாரும் சொல்லாமல், நானே செய்தது அதுதான் முதல் தடவை. அதை நீயே உடைக்க வேண்டும் என்கிறாய்.

இந்தச் சுவர் முடிந்ததும் லீவில் வருகிறேன். யாருக்கும் தெரியாமல் நானே திறந்துவிடுகிறேன். அதுவரை சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குத் தெரியாத வேலையா?

அண்ணன்

செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை நீட்டியபோதும் நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அம்மா, "ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு? ஒருத்தன் கேக்கவே மாட்டேங்கிறான், ஒருத்தி வரவே மாட்டேங்கிறா" என்றாள். எனக்கும் கோபம் வரும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

சும்மா இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. போன வாரம் டயர் கடையில் கடப்பாரை வாங்கிக்கொண்டு போய் அடைப்பைப் பெயர்க்கப் பார்த்தேன். நத்தையின் வால் மட்டும் கொஞ்சம் சிதைந்தது. அடைப்பு அசையவில்லை. நல்ல கலவைதான் போட்டிருக்கிறாய். கையெல்லாம் கொப்புளம். இன்னும் ஓங்கி அடித்திருந்தால் குழாயே உள்ளே உடைந்திருக்கும். பயந்து நிறுத்திவிட்டேன். கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தபோது டயர் கடைக்காரர், "என்னம்மா, அணைக்குப் பஞ்சரா?" என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு. நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

முந்தாநாள் மழை தொடங்கியது. ஓடைகளில் தண்ணீர் வந்துவிட்டது. குட்டை இப்போது குட்டை இல்லை. பச்சை இடத்தின் கீழ் ஓரத்தில் ஒரு வெடிப்பு, விரல் போகும் அளவுக்கு. அதற்குக் கீழே மண் லேசாக முன்னுக்கு வந்திருக்கிறது.

மேடம் இந்த மாதம் வரவே இல்லை. நாளை நானே ஆபீஸுக்குப் போகிறேன். போன் செய்யலாம்தான், ஆனால் போனில் என் குரல் வராது என்று எனக்குத் தெரியும். நேரில் போனால் பேசாவிட்டாலும் அவர்கள் முன்னால் நிற்கவாவது செய்வேன். சொல்ல வேண்டியதை அலமாரிக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'குழாய் அடைபட்டிருக்கிறது, சரிவு ஊறுகிறது.' இவ்வளவுதான். உன்னைப் பற்றிச் சொல்ல மாட்டேன். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். இருந்தும் போகிறேன். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

நத்தை

செப்டம்பர் 29

நத்தைக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ எதையும் செய்யாமல் இருந்தால், உடனே போய்ச் சொல். என் பேரையும் சொல். டீக்கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், காற்றில் செல்போன் கோபுரம் பழுதாம், இரண்டு நாளாக யாருக்கும் போன் போகவில்லை. லாரிக்காரர் கீழே இறங்குகிறார். கீழே தபாலில் போடச் சொல்லி அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்தச் சுவர் முழுக்க வரிசையாகச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சாலையில் போகிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரியும் என்று, என் வளைவில் இருந்ததையெல்லாம் நான் மூடிப் பூசிவிட்டேன். மேஸ்திரி அப்போது அடுத்த வளைவில் இருந்தார். அவருக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி என்று எழுதினேனே, அது இதுதான்.

மூன்று நாளாக இங்கே மழை. நேற்றுக் காலை பார்த்தால் எல்லா வளைவிலும் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. என் வளைவு மட்டும் காய்ந்து அழகாக நின்றது. நான் பெருமையாகக் கூடப் பார்த்தேன். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, சுவர் வயிறு தள்ளியிருந்தது. நடுவில் ஒரு கோடு. எல்லோரும் உளியோடு ஓடி வந்து என் பூச்சை உடைத்தோம். ஒவ்வொரு குழாயைத் திறக்கும்போதும் தண்ணீர் முகத்தில் அடித்தது.

மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஏண்டா, ஓட்டையை அடைச்சிட்டா பின்னாடி இருக்கிற தண்ணி எங்கடா போகும்? உன் வீட்டுக்கா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆமாம், என் வீட்டுக்குத்தான்.

சுவர் இருக்கிற இடத்தில் யாரும் குடியில்லை. நீ சொன்ன இடத்தில் டயர் கடை, நாம், பள்ளிக்கூடம்.

சும்மா இருப்பது பற்றி எழுதியதை அடித்துவிடு. முடிந்தால் அந்தத் தாளையே கிழித்துப் போடு.

அண்ணன்

அக்டோபர் 8

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் நான்காம் தேதிதான் வந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஆபீஸில் ஒரு நீள பெஞ்ச். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். ஓவர்சியர் மேடம் தலையை நிமிர்த்தி, "என்னம்மா, நீயா? மழையில இவ்ளோ தூரம்?" என்றார். நான் கண்ணாடி முன் பழகிய வாக்கியம் வரவில்லை. அவர் வழக்கம் போலவே கேட்டார், "எல்லாம் நல்லா இருக்கா?"

தலை ஆட ஆரம்பித்தது அண்ணா. நிஜமாகவே ஆட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து நிறுத்தினேன். அவர் பயந்துபோய், "பல்வலியா?" என்றார்.

"இல்ல மேடம். தப்பாத் தலையாட்டிட்டேன். போன தடவை."

அதற்கப்புறம் எல்லாம் வந்துவிட்டது. துணி நனைந்தது, கால் உள்ளே போவது, வெடிப்பு. அவர் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். "குழாயை யாரு அடைச்சது?" உன்னைச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஆனால் எதை வைத்து, எவ்வளவு ஆழத்துக்கு அடைத்தது என்று தெரியாமல் அவர்களால் திறக்க முடியாது என்று அப்போதுதான் தோன்றியது. "எங்க அண்ணன். நான் வழுக்கி விழுந்துட்டேன்னு. உள்ள சாக்கு, அப்புறம் சல்லி, அப்புறம் கலவை" என்றேன். உன் கடிதத்தில் நீ பெருமையாக எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தையும் இப்படி ஒப்பித்ததில்லை.

ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெரிய இன்ஜினியரும் வந்தார். சரிவில் கால் வைத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்பிக் கீழே இருக்கும் வீடுகளைப் பார்த்தார். முதலில் தெருவின் முன்பக்க வீடுகளில் இருந்தவர்களை, பள்ளிக்கூடமும் கரைக்குக் கீழேயே இருப்பதால், மேட்டிலிருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். அம்மா தையல் மெஷினை விட்டு வர மாட்டேன் என்றாள். டயர் கடைக்காரர்தான் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். "அணைக்கே அடைப்புப் போட்ட குடும்பம்டா இது, எல்லாரும் வழி விடுங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே தள்ளினார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் மெஷின் நனையாமல் அதன் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்.

பிறகு மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினார்கள். மெதுவாகத்தான். ஒரேயடியாக இறக்கினால் தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு இடிந்து விழுமாம். ஊறிய இடத்தில் மணலைப் பரப்பி, மேலே சல்லியைக் கொட்டி பாரம் வைத்தார்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது என்று மேடம் சொன்னார். மறுநாள் காலைதான் குழாய்க்கு வந்தார்கள். ஓரத்தில் சுற்றிலும் துளை போட்டு, மெல்ல மெல்ல அசைத்து, உன் அடைப்பை வெளியே இழுத்தார்கள். அது உடையாமல் வந்தது. பின்னாலேயே சாக்கு வந்தது. அப்புறம் தண்ணீர் ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

கலங்கலாக இருந்தது அண்ணா. டீ நிறம்.

மேடம் என்னைப் பார்த்து, "தம்ளர் எங்க?" என்றார். நான் அதை ஆபீஸுக்குப் போகும்போதே பையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது. பிடித்தேன். கொட்டினேன். மறுபடி பிடித்தேன். இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தம்ளருக்குப் பின்னால் பிடித்து, தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் பேனா தெரியவில்லை. அப்புறம் ஒரு நிழல் மாதிரி தெரிந்தது. வேகம் குறைந்து குறைந்து, மதியத்துக்கு மேல் பழையபடி நூலாகியபோது, பேனாவின் மூடியில் இருந்த சின்ன எழுத்தை நான் படித்தேன். சத்தமாகவே படித்தேன். அவர் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அப்போதுதான் மூச்சு விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வெடிப்பு அதற்கு மேல் வளரவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மழை நின்றபின் அந்த இடத்தைத் தோண்டி மறுபடி நிரப்ப வேண்டுமாம்.

வேலை போகவில்லை. மேடம் தனியாகக் கூப்பிட்டு, "நீ தலையாட்டினது தப்புதான். நானும் ஒரு தடவை கீழ இறங்கி, குனிஞ்சு பாத்திருக்கணும். குடையைப் பிடிச்சுக்கிட்டு மேலயே போயிட்டேன்" என்றார். இதை இன்ஜினியரிடமும் அவரே சொன்னார். ஆனால் ஒரு தண்டனை உண்டு. "இனிமே உன் தலையாட்டல் செல்லாது. மழைக்காலம் முடியற வரைக்கும் தினம் காலையில போன் பண்ணி, குழாய் எப்படி, சரிவு எப்படின்னு வாயால சொல்லணும். 'ம்'முன்னு சொன்னா ஜீப் எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

முதல் நாள் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். இரண்டாம் நாள் தாள் பாதிதான் தேவைப்பட்டது. நேற்று அவர் கேட்காததையும் சொன்னேன், மதகுத் திருகுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். உன் அடைப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த இன்ஜினியர், "கைவேலை நல்லா இருக்கு. இடம்தான் தப்பு" என்றார். நத்தையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். சேறு வந்ததும் உண்மைதான், அதற்குக் குழாயை மூடக் கூடாது, குழாயிலிருந்து ஓடை வரை கல் பதித்து ஒரு சின்ன வாய்க்கால் விட்டிருக்க வேண்டும் என்றார். "அவன் லீவுல வரட்டும். மேடம் பக்கத்துல நிக்கட்டும். அவனே கட்டட்டும்."

அடைப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அண்டக் கொடுத்திருக்கிறேன். நல்ல கனம். வால் சிதைந்த நத்தை வாசலைப் பார்த்தபடி இருக்கிறது.

சும்மா இருப்பது பற்றி நீ எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டேன். மேலே வீங்கின காலைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது வேண்டும்.

நத்தை

அக்டோபர் 20

நத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன். நீ இடம் கொடுக்கவில்லை. மதகுத் திருகு, அம்மாவின் முதுகு, டயர் கடைக்காரர் நம் வீட்டுக்கு வைத்திருக்கும் பேர், சல்லிக்கு நடுவில் முளைத்த புல், மேடத்தின் புது ஸ்கூட்டர் என்று மூச்சு விடாமல் போனாய். கடைசியில் நான்தான் 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

சொல்ல வந்தது இதுதான். சுவர் முடிகிறது. பதினைந்து நாளில் வருகிறேன். வாய்க்காலுக்குத் தட்டைக் கல்லாகப் பார்த்து ஓடையோரம் ஒதுக்கி வை. மேடம் பக்கத்தில் நிற்கட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கொஞ்சம்தான்.

இங்கே நான் மறுபடி கலவை தூக்குகிறேன். ஆனால் என் வளைவில் திறந்த குழாய்களைச் சுற்றி விளிம்பு கட்டும் வேலையை மட்டும் மேஸ்திரி எனக்கே கொடுத்தார். பேர் இன்னும் அணைக்காரன்தான். இப்போது அதற்கு வேறு அர்த்தம்.

அன்றைக்கு எனக்குப் பின்னால் வரிசையில் மேஸ்திரியும் நின்றார். நீ பேசுவது போனுக்கு வெளியே அவர் வரைக்கும் கேட்டிருக்கிறது. காத்திருந்து காத்திருந்து, "யாருடா அது, வாயை மூடவே மாட்டேங்குது?" என்றார்.

"என் தங்கச்சி" என்றேன்.

"அதையாவது அடைக்காம விடு" என்றார்.

அண்ணன்